இரண்டு கம்பிகளும் ஒரு பொத்தானும்

ரேடியோ பேஸ் ஸ்டேஷனை, அதாவது வண்டிகளிலும் கைகளிலும் உள்ள ஒயர்லெஸ் செட்டுகளோடு பேசும் நிலையத்தை, அனலாக் தொலைபேசி லைனோடு இணைக்க வேண்டும் என்றால், எல்லோரும் முதலில் யோசிப்பது குரலைப் பற்றித்தான். ரேடியோவில் வரும் பேச்சு லைனுக்குப் போக வேண்டும், லைனில் வரும் பேச்சு ரேடியோவுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் இரண்டு கெபாசிட்டரும் போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். குரலைக் கடத்துவது உண்மையிலேயே எளிதுதான். தொலைபேசி கடத்துவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பேச்சு. ஒயர்லெஸ் செட்டும் ஏறக்குறைய அதே அளவைத்தான் கையாளுகிறது. கஷ்டம் வேறு இரண்டு கேள்விகளில் இருக்கிறது. இந்த நொடியில் யார் பேசுகிறார்? பேச்சு முடிந்துவிட்டதா, இல்லையா?

ரேடியோவையும் லைனையும் சேர்க்கும் இணைப்புப் பெட்டிகளோடு பல வருடங்கள் பழகியவன் நான். ஒரு நல்ல பெட்டிக்கும் தொல்லை தரும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் ஒலித் தரத்தில் இருந்ததை நான் பார்த்தது குறைவு. இந்த இரண்டு கேள்விகளுக்கு அது எப்படிப் பதில் கண்டுபிடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால் லைனையும் ரேடியோவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் லைன். எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகள் வருகின்றன. போன் கீழே இருக்கும்போது அவற்றுக்கு இடையே சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கிறது. எக்ஸ்சேஞ்சில் பாட்டரியின் பாசிட்டிவ் முனையை எர்த் செய்து, மைனஸ் 48 என்று வைத்திருப்பார்கள்; ஈரம் படும் கேபிளில் செம்பு அரித்துப் போகாமல் இருக்க அந்தக் காலத்திலேயே செய்த ஏற்பாடு. போனை எடுத்தால் சுற்று மூடிக்கொள்கிறது, 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் ஓடுகிறது, போனுக்கு முன்னால் இருந்த வோல்டேஜ் பத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. எக்ஸ்சேஞ்ச் இந்த மின்சாரத்தைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் ஓடினால் போன் எடுக்கப்பட்டிருக்கிறது, நின்றால் வைக்கப்பட்டுவிட்டது. அழைப்பு வரும்போது அதே கம்பிகளில் 75 முதல் 90 வோல்ட் வரையிலான மாறுமின்சாரம், 20 அல்லது 25 ஹெர்ட்ஸில், மணியடிக்க வருகிறது. லைனை விரலால் பிடித்துக்கொண்டிருக்கும்போது மணி வந்தால் கை உதறிக்கொள்ளும்.

எண் சுழற்றுவதும் இதே கம்பியில்தான். பழைய முறையில் அந்த மின்சாரத்தை நொடிக்குப் பத்து முறை வெட்டி வெட்டி எண்ணைச் சொல்வார்கள். 1963-இல் பெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய பொத்தான் முறையில், ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு தொனிகள் ஒன்றாகப் போகின்றன. 697, 770, 852, 941 என்று கீழ் வரிசை நான்கு. 1209, 1336, 1477, 1633 என்று மேல் வரிசை நான்கு. கடைசி 1633-ஐச் சாதாரண போன்களில் பார்க்க முடியாது. ரேடியோக்காரர்களுக்கு மட்டும் அந்த நான்காவது நெடுவரிசை நன்றாகத் தெரியும், ஏனென்றால் பல ஒயர்லெஸ் செட்டுகளின் விசைப்பலகையில் ஏ, பி, சி, டி என்று நான்கு பொத்தான்கள் கூடுதலாக இருக்கும்.

அடுத்து ரேடியோ. அதற்குத் தெரிந்தது ஒரு பொத்தான்தான், பி.டி.டி. எனப்படும் பேசும் பொத்தான். அழுத்தினால் டிரான்ஸ்மிட்டர் வேலை செய்யும், விட்டால் ரிசீவர் கேட்கும். எஃப்.எம். ரிசீவரில் எந்தச் சமிக்ஞையும் இல்லாதபோது பெரிய இரைச்சல் வரும். அதை அடக்கிவைப்பது ஸ்கெல்ச் என்ற சுற்று. கேரியர், அதாவது எதிர்முனை டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் ரேடியோ அலை, வந்தால் ஸ்கெல்ச் திறக்கும், போனால் மூடும். கூடவே 67 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை ஒரு தாழ்ந்த தொனியைப் பேச்சுக்கு அடியில் ஓடவிட்டு, அந்தத் தொனி இருந்தால் மட்டுமே ஸ்கெல்ச் திறக்கும்படி செய்யலாம். இது சி.டி.சி.எஸ்.எஸ். பேச்சு 300 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குகிறது என்பதால் வடிகட்டியால் இதைப் பிரித்தெடுப்பது சுலபம். லைனுக்கு அனுப்பும் முன் கட்டாயம் பிரிக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் மறுமுனையில் இருப்பவர் பேச்சு முழுவதும் ஓர் உறுமலைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று லைனுக்குத் தெரியும், ஏனென்றால் அங்கே மின்சாரம் ஓடுகிறது. ஆனால் யார் பேசுகிறார் என்று அது சொல்லாது. இருவரின் குரலும் ஒரே ஜோடிக் கம்பியில், ஒரே நேரத்தில், கலந்து கிடக்கின்றன. ரேடியோவுக்கு யார் பேசுகிறார் என்று துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் கேரியர் வந்தால் எதிர்முனை பேசுகிறது. ஆனால் அழைப்பு இன்னும் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கேரியர் நின்றால் அந்த ஆள் கேட்டுக்கொண்டிருக்கலாம், பேசி முடித்திருக்கலாம், மலைக்குப் பின்னால் போயிருக்கலாம். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. இந்தப் பள்ளத்தின் மேல்தான் பாலம் கட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தப் பாலமாக இருந்தவர்கள் மனிதர்கள். 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காரிலிருந்து தொலைபேசும் சேவை தொடங்கியபோது, ஒவ்வோர் அழைப்பையும் ஓர் ஆபரேட்டர்தான் கையால் இணைத்தார். காரில் இருப்பவர் பொத்தானை அழுத்திப் பேசினார், விட்டுக் கேட்டார். வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைவீரர்கள் வீட்டாரோடு பேச உதவிய, ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் செய்ததும் இதுதான். கடல் கடந்து குறுகிய அலையில் வந்த குரலை உள்ளூர்த் தொலைபேசி லைனில் ஏற்றிவிட்டு, பேச்சு முழுவதையும் காதில் வைத்துக்கொண்டு, வீரர் பேசும்போது ஒரு பக்கமும் அவர் மனைவியோ தாயோ பேசும்போது மறுபக்கமும் சுவிட்சைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் முறை முடிந்ததும் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும். அரிசோனா செனட்டர் பேரி கோல்ட்வாட்டர்கூடத் தன் வீட்டில் இப்படி ஒரு நிலையத்தை நடத்தினார். அன்பைச் சொல்லிவிட்டு 'ஓவர்' என்று முடிக்க வேண்டியிருந்த அந்தக் குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் இளகும். சுவிட்சைப் பிடித்திருந்த அந்தக் கைகள் செய்த வேலையைத்தான் பிற்பாடு ஒரு பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது.

அந்தப் பெட்டிகளில் உலகத்தையே மாற்றியது கார்ட்டர்ஃபோன். டெக்சாஸ்காரரான தாமஸ் கார்ட்டர் உருவாக்கியது. அதில் லைனோடு மின் இணைப்பே கிடையாது. போனின் கைப்பிடியை எடுத்து அதன் மேலிருந்த இரண்டு குழிகளில் படுக்கவைக்க வேண்டும். ஒரு குழியில் இருந்த ஒலிபெருக்கி ரேடியோவின் குரலைப் போனின் வாய்ப்பக்கம் பேசும். இன்னொன்றில் இருந்த மைக் போனின் காதுப்பக்கத்தைக் கேட்கும். போனில் இருப்பவர் பேசத் தொடங்கினால் குரலை உணரும் சுற்று தானாகவே டிரான்ஸ்மிட்டரை இயக்கும், அவர் நிறுத்தினால் ரிசீவருக்குத் திரும்பும். 1959 முதல் 1966 வரை சுமார் 3,500 பெட்டிகள் விற்றன. தொலைபேசி நிறுவனங்கள் இதை எதிர்த்தன. அந்நியப் பொருளை லைனில் தொடவிடக் கூடாது என்பது அவர்களின் கட்டண விதி. வழக்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்துக்குப் போய், 1968-இல் அந்த விதியே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பிறகு வந்த பதில் சொல்லும் இயந்திரங்கள், ஃபேக்ஸ், மோடம் எல்லாவற்றுக்கும் கதவு திறந்தது அந்தத் தீர்ப்பில்தான்.

சட்டத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். என்னைக் கவர்ந்தது அந்தப் பெட்டியின் விவரிப்பில் உள்ள ஒரு சிறு விஷயம். கார்ட்டர்ஃபோனில் தனியாக ஒரு ஒலிபெருக்கி இருந்தது. பேஸ் ஸ்டேஷனில் இருப்பவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்து, ஒலி அளவைச் சரிசெய்து, பேச்சு முடிந்ததும் போனைத் தன் கையால் வைப்பதற்காக. யார் பேசுகிறார் என்ற கேள்விக்குப் பெட்டி பதில் கண்டுபிடித்துவிட்டது. பேச்சு முடிந்ததா என்ற கேள்விக்கு இன்னும் மனிதர்தான் தேவைப்பட்டார். கடினமான கேள்வி எது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

கம்பியோடு நேரடியாக இணைக்கலாம் என்று ஆன பிறகு, முதல் தலைவலி கலந்து கிடக்கும் இரு குரல்களைப் பிரிப்பது. இதற்கான சாதனம் ஹைப்ரிட். இரண்டு கம்பி லைனை நான்கு கம்பியாக, அதாவது போகும் பாதை ஒன்று, வரும் பாதை ஒன்று என்று பிரித்துக்கொடுப்பது அதன் வேலை. அது ஒரு தராசு போலத்தான் இயங்குகிறது. ஒரு தட்டில் உண்மையான லைன், இன்னொரு தட்டில் அந்த லைனைப் போலவே நடிக்கும் ஒரு மின்தடையும் கெபாசிட்டரும். ரேடியோவிலிருந்து வரும் குரல் இரண்டு தட்டுக்கும் சமமாகப் பிரிந்து போகிறது. தட்டுகள் சமமாக இருந்தால் திரும்பிவரும் பாதையில் அந்தக் குரல் தன்னைத் தானே ரத்து செய்துகொள்ளும், லைனிலிருந்து வருவது மட்டும் மிஞ்சும். பாதி சக்தி அந்த நடிக்கும் பக்கத்தில் வீணாகிறது, அதனால் 3 டெசிபல் (சமிக்ஞையின் வலிமையை ஒப்பிடும் அளவு) இழப்பு எப்போதும் உண்டு. அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம், தட்டு ஒருபோதும் சமமாக நிற்காது என்பது. லைனின் மின்மறுப்பு, அதாவது மாறுமின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 600 ஓம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எந்த உண்மையான லைனும் அப்படி இல்லை. கேபிளின் நீளம், கம்பியின் தடிமன், நடுவில் போட்ட சுருள்கள், மறுமுனையில் உள்ள எக்ஸ்சேஞ்ச் அட்டை என்று எல்லாம் அதை மாற்றும். அதுவும் ஒவ்வோர் அலைவெண்ணுக்கும் வேறு வேறாக மாற்றும். ஆகவே சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் ஹைப்ரிடில் 10 முதல் 20 டெசிபல் வரை பிரிவு கிடைத்தால் திருப்திப்பட வேண்டியதுதான். இதை நேரில் சரிசெய்யும்போது ஒரு தொனியை அனுப்பி, கசிவு மிகக் குறையும்வரை திருகைத் திருப்புவோம். அந்த ஒரு தொனிக்குக் கசிவு அப்படியே மறைந்துபோகும். பேச்சை அனுப்பிப் பார்த்தால் திரும்ப வந்து நிற்கும். ஒற்றைத் தொனியில் சரிசெய்வதை நான் நிறுத்திவிட்டேன். பேச்சு அலைவெண் முழுவதும் பரவிய இரைச்சலை அனுப்பி, மொத்தக் கசிவு எங்கே குறைவு என்று பார்ப்பதே சரி. குரலை எண்களாக்கிக் கணக்கிடும், பின்னால் வந்த டி.எஸ்.பி. ஹைப்ரிடுகள், அனுப்பிய குரலைத் தெரிந்துவைத்துக்கொண்டு, திரும்பிவருவதில் அதன் சாயலைக் கணக்கிட்டுக் கழித்துவிடுகின்றன. அழைப்புக்கு அழைப்பு லைன் மாறினாலும் அதற்கேற்பத் தானே கற்றுக்கொள்கின்றன. இந்தத் துறையில் நான் பார்த்த உண்மையான முன்னேற்றம் இதுதான் என்பேன்.

கசிவு இருந்தால் என்ன ஆகும்? குரலை உணர்ந்து டிரான்ஸ்மிட்டரை இயக்கும் வி.ஓ.எக்ஸ். சுற்று ஏமாந்துபோகும். மொபைலில், அதாவது வண்டியில் உள்ள ரேடியோ செட்டில், இருப்பவர் பொத்தானை விடும்போது, ஸ்கெல்ச் மூடுவதற்கு முன் ஒரு கணம் 'கர்ர்' என்று இரைச்சல் வரும். அது ஹைப்ரிட் வழியே கசிந்து மறுபக்கம் போனால், போனில் இருப்பவர் பேசுகிறார் என்று நினைத்து பெட்டி டிரான்ஸ்மிட்டரை இயக்கிவிடும். மொபைல்காரர் உடனே மறுபடி பேச நினைத்தால் முடியாது. ஒரே அலைவரிசையில் அனுப்பவும் கேட்கவும் செய்யும் பேஸ் ஸ்டேஷன் அனுப்பிக்கொண்டிருக்கும்போது காது கேளாதது. போனில் இருப்பவருக்கு இவையெதுவும் தெரியாது. பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால்கூடப் போதும், டிரான்ஸ்மிட்டர் நிற்கவே நிற்காது.

இதற்கு ஒரு வழியாக வந்ததுதான் மாதிரி பார்க்கும் முறை. பெட்டி டிரான்ஸ்மிட்டரை ஓடவிட்டுக்கொண்டே, நொடிக்குச் சில முறை மிகக் குறுகிய இடைவெளி விட்டு, ரிசீவரில் கேரியர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். இருந்தால் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட்டு மொபைலுக்கு வழிவிடும். கட்டுப்பாடு மொபைல்காரர் கையில் வந்துவிடுகிறது, அது மிகச் சரியான முடிவு. விலையாக, மொபைலில் கேட்பவருக்குப் பேச்சு சீரான இடைவெளியில் வெட்டு விழுந்து கேட்கும். ரேடியோ எவ்வளவு வேகமாக அனுப்புவதிலிருந்து கேட்பதற்கு மாறுகிறதோ அவ்வளவு சிறிய வெட்டு. ஆன்டெனாவை ரிலேயால் மாற்றும் பழைய செட்டுகளில் இந்த முறையை வைத்தால் ரிலே படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அத்தகைய செட்டில் இதைப் பொருத்தவே கூடாது என்பது என் கருத்து. அங்கே வி.ஓ.எக்ஸ். வைத்து, குரலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் நினைவகத்தைச் சேர்ப்பது நல்லது. டிரான்ஸ்மிட்டர் எழுந்து நிற்கும் நேரத்தில் முதல் எழுத்து தொலைந்துபோகாமல் அந்தத் தாமதம் காப்பாற்றும்.

ரிப்பீட்டர் இருந்தால் கதை எளிது. அது ஒரு அலைவரிசையில் கேட்டு இன்னொன்றில் அனுப்புகிறது, இரண்டையும் பிரித்துவைக்கும் டூப்ளெக்சர் என்ற வடிகட்டி இருப்பதால் அனுப்பும்போதும் கேட்கிறது. போனின் குரலைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கலாம். மொபைல் பேசினால் உடனே தெரிந்துவிடும். ஹாம்கள் ஆட்டோபேட்ச் என்று சொல்வது இதைத்தான். 1964-இல் வந்த மேம்பட்ட கார் தொலைபேசிச் சேவையில் மொபைலும் இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் இயங்கியது, ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக எண் சுழற்றவும் முடிந்தது. அப்போது யார் பேசுகிறார் என்ற கேள்வியே மறைந்துவிட்டது. ஆனால் ஹைப்ரிட் கசிந்தால் மொபைல்காரரின் குரல் அவருக்கே திரும்பி வரும், அளவு மிஞ்சினால் ஊளையிடும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

லைனில் மின்சாரம் ஓடினால் அழைப்பு உயிரோடு இருக்கிறது என்று மேலே சொன்னேன். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த மின்சாரம் நம் பெட்டிக்கும் நம் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையில் ஓடுவது. மறுமுனையில் இருப்பவர் போனை வைத்துவிட்டால் அது தானாக நிற்காது. எக்ஸ்சேஞ்ச் மனம் வைத்தால்தான் நமக்குத் தெரியும். சில எக்ஸ்சேஞ்சுகள் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மின்சாரத்தை வெட்டிக் காட்டும். சில கம்பிகளின் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளை மாற்றிக் காட்டும். சில எதுவும் செய்யாமல் பிஸி டோனை மட்டும் அனுப்பும். மனிதர் காதில் வைத்திருந்தால் பிஸி டோன் போதும். பெட்டிக்கு அது இன்னொரு குரல்தான்! வி.ஓ.எக்ஸ். அதை அன்போடு எடுத்து ரேடியோவில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு நிலையத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். அதுவரை நன்றாக இயங்கிய பெட்டி. எக்ஸ்சேஞ்ச் பக்கம் லைனைப் புதிய கருவிக்கு மாற்றினார்கள்; பழையது கொடுத்த மின்வெட்டுச் சமிக்ஞையைப் புதியது கொடுக்கவில்லை. அதை யாரும் நிலையத்துக்குச் சொல்லவுமில்லை. அன்றிரவு யாரோ போனை வைத்த பிறகு, விடியும்வரை அந்த அலைவரிசை முழுவதும் பிஸி டோன். அதை நம்பியிருந்த வண்டிகள் எதுவும் ஒன்றையொன்று கூப்பிட முடியவில்லை. பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. நான் அப்போது மிகவும் கோபப்பட்டேன், இப்போதும் அது நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன். லைனின் ஓரத்தில் என்ன தொங்குகிறது என்று கேட்காமல் அதன் நடத்தையை மாற்றுவது பொறுப்பில்லாத வேலை.

பெட்டிகள் இதற்குச் செய்யும் ஏற்பாடுகள் பல. டோனைக் கேட்டு அடையாளம் காண்பது ஒன்று. வட அமெரிக்காவில் பிஸி டோன் என்பது 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்தது. வேறு பல நாடுகளில் 425 ஹெர்ட்ஸ் போல ஒற்றைத் தொனி. விட்டு விட்டு வரும் தாளமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே பெட்டியை அந்த நாட்டு டோனுக்குச் சொல்லிவைக்க வேண்டும். மொபைல்காரர் தன் செட்டிலிருந்து ஒரு தொனிக் குறியை அனுப்பித் துண்டிப்பது இன்னொன்று. அவர் எல்லைக்கு வெளியே போய்விட்டால் இதுவும் பயன்படாது. கடைசியில் எஞ்சுவது கடிகாரம்: மொபைலில் இருந்து இவ்வளவு நேரம் கேரியரே வரவில்லையென்றால் துண்டி, மொத்தம் இவ்வளவு நிமிடத்துக்கு மேல் போனால் எச்சரிக்கை ஒலி கொடுத்துத் துண்டி. கடிகாரங்களைப் பலர் எரிச்சலாகப் பார்க்கிறார்கள், அணைத்தும் விடுகிறார்கள். நான் எந்தப் பெட்டியிலும் அவற்றை அணைக்க ஒப்புக்கொள்வதில்லை. மற்ற எல்லா வழியும் லைனின் தயவில் இருக்கிறது. கடிகாரம் மட்டும்தான் பெட்டிக்குச் சொந்தமானது.

பாதுகாப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரேடியோவின் எர்த்தும் எக்ஸ்சேஞ்சின் எர்த்தும் வேறு வேறு. நேரடியாக இணைத்தால் மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே நுழையும். ஆகவே நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அதில் லைனின் நேர்மின்சாரத்தை ஓடவிட்டால் சிறிய இரும்பு உட்கரு காந்தத்தால் நிரம்பிப்போய்க் குரலைச் சிதைக்கும். அதனால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும், அல்லது கெபாசிட்டரால் நேர்மின்சாரத்தைத் தடுத்துவிட்டு, அதை ஒரு டிரான்சிஸ்டர் சுற்றின் வழியே தனியாக ஓடவிட வேண்டும். மின்னல் விஷயத்தில் ரேடியோ நிலையத்துக்கு இரட்டை ஆபத்து உண்டு. உயரமான கோபுரம் மின்னலை வாங்கும்போது அங்குள்ள எர்த்தின் அழுத்தம் சில கணங்கள் எகிறும். தொலைவிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியோ தன் பழைய அழுத்தத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் இடையில் பெட்டி. வாயுக் குழாய்த் தடுப்பானைக் கோபுரத்தின் அதே எர்த்தில், குறுகிய கம்பியால் கட்டவில்லை என்றால் பெட்டியைக் காப்பாற்ற முடியாது. அப்புறம், சொந்த டிரான்ஸ்மிட்டரின் அலையே லைன் கம்பியில் ஏறி, ஏதோ ஒரு டயோடில் குரலாக மாறி, போனில் கேட்பவரின் காதில் கரகரக்கும். ஃபெரைட் வளையமும் சிறிய கெபாசிட்டர்களும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்றும் இங்கேயே. ரேடியோவில் ஏறிய பேச்சை அந்த அலைவரிசையைக் கேட்கும் எவரும் கேட்கலாம். தொலைபேசியில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, பேச்சின் தொடக்கத்திலேயே அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இதுவரை சொன்னது எண் சுழற்றும் லைன். தொலைபேசி லைனை ரேடியோவோடு சேர்க்கும் இன்னொரு பழைய வழி, எண்ணே இல்லாத வாடகை லைன். மலை உச்சியில் பேஸ் ஸ்டேஷன், ஊருக்குள் கட்டுப்பாட்டு அறை, நடுவில் எப்போதும் இணைந்தே இருக்கும் ஒரு ஜோடிக் கம்பி. அங்கே அழைப்பு முடிந்ததா என்ற கேள்வியே இல்லை. அறையில் இருப்பவர் பொத்தானை அழுத்தினார் என்பதைத் தொலைவிலிருக்கும் டிரான்ஸ்மிட்டருக்குச் சொல்வதுதான் பிரச்சினை. முதலில் குரல் போகும் அதே கம்பியில் சில மில்லி ஆம்பியர் நேர்மின்சாரத்தை அனுப்பிச் சொன்னார்கள். இவ்வளவு என்றால் முதல் அலைவரிசையில் அனுப்பு, திசை மாறினால் கண்காணி என்று. செம்பு முழுத் தொலைவுக்கும் இருந்தவரை இது அற்புதமாக இயங்கியது. தொலைபேசி நிறுவனங்கள் நடுவில் பல குரல்களை ஒன்றாக்கி அனுப்பும் கருவிகளை வைத்தபோது நேர்மின்சாரம் அவற்றைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது.

அதற்கு வந்த மாற்று எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. பொத்தானை அழுத்தியதும் 2,175 ஹெர்ட்ஸில் ஓர் உரத்த தொனி சுமார் 120 மில்லி விநாடி போகும். இது தொலைவிலுள்ள நிலையத்தை விழிக்கவைக்கும். அடுத்து 40 மில்லி விநாடி ஒரு கட்டளைத் தொனி. 1,950 ஹெர்ட்ஸ் என்றால் அனுப்பு என்று பொருள். அப்புறம் பேச்சு முழுவதும் அதே 2,175 ஹெர்ட்ஸ், தொடக்கத்தில் இருந்ததைவிட 30 டெசிபல் மெலிதாக, பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். அது இருக்கும்வரை டிரான்ஸ்மிட்டர் ஓடும், நின்றால் நிற்கும். கம்பி அறுந்தாலும் நிற்கும். நிலையத்தில் உள்ள வடிகட்டி அந்தத் தொனியை மட்டும் குரலிலிருந்து செதுக்கி எடுத்துவிடுவதால் ரேடியோவில் கேட்பவருக்கு அது தெரியாது. எதுவும் சொல்லாமல் போனால் தானாக அணைந்துவிடும்படி அமைத்திருப்பதுதான் இதன் அழகு. எண் சுழற்றும் லைன்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு உலகம் முழுவதும் ஒரே மாதிரி இருந்திருந்தால் எத்தனை தொல்லைகள் குறைந்திருக்கும்!

உலகில் அதிகம் புழங்கிய ரேடியோ பேஸ் ஸ்டேஷன் எது என்று கேட்டால், கம்பியில்லாத வீட்டுப் போனின் அடிப்பெட்டிதான் என்று சொல்வேன். அதுவும் அனலாக் லைனில் தொங்கும் ஒரு நிலையம்தான். ஐரோப்பாவில் பிறந்த டெக்ட் முறையில் 1,880 முதல் 1,900 மெகா ஹெர்ட்ஸ் வரை பத்து அலைவரிசைகள். 10 மில்லி விநாடியை 24 துண்டுகளாக்கி, பன்னிரண்டில் அனுப்பி, பன்னிரண்டில் கேட்கிறது. இரண்டு திசையும் எப்போதும் திறந்திருப்பதால் முதல் கேள்வி எழுவதில்லை. கைக்கருவி ஒரு பொத்தானில் துண்டிக்கச் சொல்லிவிடும், அது எல்லைக்கு வெளியே போனால் அடிப்பெட்டி தானே கவனித்துத் துண்டித்துவிடும். அங்கே புதிதாக வந்த தொல்லை தாமதம். சாதாரணப் போனில் நம் குரல் ஹைப்ரிடில் கசிந்து நம் காதுக்கே உடனே திரும்பும். அது இருந்தால்தான் போன் உயிரோடு இருப்பதாக உணர்வோம். டெக்டில் அதே கசிவு போகவர இருபது மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு எதிரொலியாக வந்து நிற்கும். ஆகவே அடிப்பெட்டிக்குள்ளேயே எதிரொலியை நீக்கும் வேலை நடக்கிறது.

தலைகீழான பெட்டியும் உண்டு. உள்ளே சிம் அட்டை, வெளியே சாதாரணப் போனைச் செருகும் துளை. இது லைனில் தொங்கும் போனாக நடிக்காமல், எக்ஸ்சேஞ்சாகவே நடிக்கிறது. 48 வோல்டைத் தானே உண்டாக்க வேண்டும், மணிக்கான வோல்டேஜைத் தானே தயாரிக்க வேண்டும், டயல் டோனைத் தானே பாட வேண்டும். போனாக நடிக்கும் முனையை எஃப்.எக்ஸ்.ஓ. என்றும் எக்ஸ்சேஞ்சாக நடிக்கும் முனையை எஃப்.எக்ஸ்.எஸ். என்றும் சொல்வார்கள். ரேடியோ இணைப்புப் பெட்டி எப்போதும் முதல் வகை. இரண்டு எஃப்.எக்ஸ்.எஸ். முனைகளை நேருக்கு நேர் கட்டினால் இரண்டும் மின்சாரத்தைத் தள்ளும், எதுவும் நடக்காது. வாங்குவதற்கு முன் இந்த ஒரு விஷயத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது செம்பு லைன்களே ஒவ்வொரு நாடாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பழைய லைன் இருந்த சுவரில் இணையத்தோடு இணைந்த ஓர் அடாப்டர் வருகிறது, அதன் துளையில் பழைய ரேடியோ பெட்டியைச் செருகச் சொல்கிறார்கள். டயல் டோன் வரும், மணி அடிக்கும், குரலும் நன்றாகவே இருக்கும். செருகியவுடன் இரண்டைச் சோதியுங்கள். முதலாவது, அழைத்துவிட்டு மறுமுனையில் போனை வைக்கச் சொல்லி, லைனில் ஒரு மீட்டரை வைத்துப் பாருங்கள். மின்சாரம் ஒரு கணமாவது விழுகிறதா, முனை மாறுகிறதா, அல்லது டோன் மட்டும்தானா என்று தெரிந்துவிடும். பல அடாப்டர்களில் அந்த மின்வெட்டுச் சமிக்ஞை அமைப்புகளுக்குள் அணைந்தே இருக்கும். அதை இயக்கி, பெட்டி தவறாமல் உணரும் அளவுக்கு அதன் நேரத்தை நீட்டுங்கள். இரண்டாவது, ரேடியோவில் பேசிக்கொண்டே டிரான்ஸ்மிட்டர் பக்கம் கசிவு எவ்வளவு என்று கேளுங்கள். அடாப்டரின் மின்மறுப்பை அந்த நாட்டுக்கு உரிய அமைப்பிலிருந்து வெறும் 600 ஓமுக்கு மாற்றினால் பழைய ஹைப்ரிட் சில சமயம் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சமமாகும், ஏனென்றால் நடுவில் கிலோமீட்டர் கணக்கில் கேபிள் இப்போது இல்லை. இரண்டும் சரியாக இருந்தால் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. கடிகாரங்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு மூடியைத் திருகிவிடலாம்.